மேற்படி

சார்ஜர் முள்ளை இடது பக்கமாகச் சாய்த்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் அந்த லேப்டாப்பில் கரண்ட் ஏறும். பிடியை விட்டால் அந்த நொடியே அணைந்துவிடும். பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் முள்ளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அப்பாவின் முறை. இடது கையால் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினுக்குப் போயின. கதவுக்குக் கீல் அடிக்கிற மெஷின். ஒரு மிதிக்கு ஒரு கீல். அன்றைக்கு ஒரு மிதிக்கு மூன்று விரல்.

திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புதன்கிழமையிலிருந்து அந்த வட்டத்தைத் தாண்டி அது வரவில்லை.

"இன்னும் சுத்துதா?" அடுப்பு முன்னால் நின்றிருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"சுத்துது," என்றாள் மகள்.

"சாமான் விக்கிறவன்கூட இத்தன தடவ நம்ம தெருவச் சுத்த மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா சிரிப்பை எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு விடுதியில் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. நாளைக்கு அறுபது போர்வை. இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். லீவு சொன்ன நாளிலும் அவள் கை சும்மா இருக்காது. தட்டைக் கழுவி, கழுவினதையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் அட்டைப்பெட்டிக் குடோனின் சுவர். பத்து மணிக்கே கூரை கொதித்தது. லேப்டாப்பும் கொதித்தது. காற்றுப் போகட்டும் என்று நான்கு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தாள் அம்மா. இருந்த ஒரே மின்விசிறியும் அதன் பக்கம்தான் திருப்பப்பட்டிருந்தது. மூன்று மனிதர்கள் வேர்வையில் நனைந்துகொண்டிருக்க, மெஷின் மட்டும் காற்று வாங்கியது. பழக்கமான ஏற்பாடுதான். கம்பெனியிலும் அப்படித்தான்.

கம்பெனியின் கடிதம் சுவரில் ஆணியில் செருகியிருந்தது. மகள் அதை மனப்பாடமாகவே சொல்வாள். விபத்து தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது. மெஷினின் பாதுகாப்புக் கூண்டு பற்றி எந்தப் புகாரும் எப்போதும் வரவில்லை. தொழிலாளி தரப்பில் ஆவணம் ஏதுமிருப்பின், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விசாரணை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். விசாரணை திங்கள்கிழமை. கவனக்குறைவு என்று தீர்ந்துவிட்டால் அப்பாவுக்கு வேலையும் இல்லை, கைக்கு ஈடும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒழுங்காக மிதித்த காலுக்கு, பார்த்து மிதிக்கத் தெரியாதவன் என்ற பேர் மட்டும் மிஞ்சும்.

ஆவணம் இருந்தது. இந்த லேப்டாப்புக்குள் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஆளுக்குக் கை போனபோதும் கம்பெனி இதையேதான் சொன்னது. யாரும் புகார் சொல்லவில்லை என்று. சொன்னவர்கள் நிறையப் பேர். எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கே அப்பா முடிவு பண்ணினார். அவருக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் வீட்டில் ஒருத்தி காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சாதி சனத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவளுக்காக வாங்கியதுதான் யாரோ ஓட்டிக் களைத்த இந்த லேப்டாப். தினமும் வேலை முடிந்து வந்து, குளித்து, டீ குடித்து, கட்டிலில் உட்கார்ந்து அப்பா சொல்வார். அன்றைக்கு மெஷினில் என்ன கோளாறு, யாரிடம் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார். கீழே உட்கார்ந்து மகள் அடிப்பாள். கோப்பின் பேர் 'அப்பா சொன்னது'.

கடிதம் வந்தது திங்கள்கிழமை. அப்பா அன்றைக்கே, "பாப்பா, அதப் பிரிண்ட் எடுத்துடு," என்றார். "நாளைக்குப் பாக்கலாம்பா" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னாள். புதன்கிழமை லேப்டாப்பே படுத்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, ஓ.எஸ். கெட்டுப்போச்சு, வெச்சிட்டுப் போங்க, அடுத்த புதன்கிழமை பாக்கலாம் என்றார். அவருக்கு எந்தப் புதனும் ஒன்றுதான்.

மகள் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் இரண்டு பென்டிரைவ் கொடுத்தார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"மொதல்ல நீலத்துல ஸ்டார்ட் பண்ணி, உங்க பைல வெளிய எடுத்துக்குங்க. எடுத்ததைத் தொறந்து பாத்துக்குங்க. அப்புறம் செவப்பு. செவப்பு போட்டா உள்ள ஒண்ணும் மிஞ்சாது, கழுவி விட்ட மாதிரி. புது ஓ.எஸ். உக்காந்துக்கும்."

நீலத்தில் ஏற்ற மூன்று தடவை முயன்றாள். முதல் தடவை அப்பாவின் கட்டைவிரல் வேர்வையில் வழுக்கியது. இரண்டாம் தடவை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை ஒரு வெளிறிய நீலத் திரை வந்தது.

"வந்துடுச்சா?" அம்மா கை ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"இது நம்மளது இல்லம்மா. சும்மா எட்டிப் பாக்குறதுக்கு."

'அப்பா சொன்னது' அங்கேயே இருந்தது. அவள் அதைத் தன்னுடைய பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டாள். உள்ளே எதுவோ டிக் டிக் என்று முனகியது. ஓடிய பட்டை எழுபதில் நின்றுகொண்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பட்டை எழுபத்தொன்றுக்குப் போனது. பிறகு ஒரே தாவலாக முடிந்தது.

"தொறந்து பாரு," என்றார் அப்பா.

திறந்தாள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும், அரைப்புள்ளியும், கொக்கியும், சாய்கோடுமாகக் கொட்டிக் கிடந்தது. எங்கேயும் ஒரு தமிழ் எழுத்து இல்லை.

"என்ன பாப்பா இது? நான் இங்கிலீசுலயா சொன்னேன்?"

"இது வேற சிஸ்டம்பா. இதுக்குத் தமிழ் தெரியாது. நம்ம ஓ.எஸ். போட்டா சரியா வரும்."

"சரியா வர்றதப் பாத்துட்டு அழிச்சா என்ன? எழுத்தே தெரியலயே."

"அப்பா, உங்களுக்குத் தெரியாது. சும்மா இருங்க."

அப்பா சும்மா இருந்தார். டிகிரி வாங்கிய வாய் சொன்னால் அந்த வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை. அவர்களே கொடுத்து வைத்த அதிகாரம் அது.

அவள் சிவப்பைச் செருகினாள். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. அவள் யோசிக்கவே இல்லை. அவ்வளவு வேகமாக அவள் விரல் எதையும் அழுத்தியதில்லை.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

மே மாதத்திலிருந்து அவள் அப்பா சொன்னதை அடிக்கவில்லை. டிகிரி முடிந்து எட்டு மாதம் வேலை கிடைக்காமல் இருந்தாள். தெருவில் போகிற ஒவ்வொருத்தரும், "படிச்சு முடிச்சாச்சா, அப்புறம்?" என்று கேட்டார்கள். சாயந்திரமானால் அப்பா கூண்டு, போல்ட், போர்மேன் என்று அதே பாட்டைப் பாடுவார். ஒரு நாள் அவர் பேசும்போதே அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்து வேலைக்கு விண்ணப்பம் அடிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்பதெல்லாம் விசைச் சத்தம்தானே. அவர் பேசினார், இவள் அடித்தாள். "எழுதிட்டியா பாப்பா?" என்று அவர் கேட்டதும் கோப்புக்கு வந்து தேதியைப் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை அடிப்பாள். மேற்படி. "எழுதிட்டேன்பா." மறுநாளும் மேற்படி. அப்படி அடித்த விண்ணப்பங்களில் ஒன்றுக்குத்தான் காப்பீட்டு அலுவலகம் அவளைக் கூப்பிட்டது. அப்பாவுக்கு விரல் போன அதே வாரம்.

சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பதினைந்து. அம்மா சோற்றில் முட்டையைப் பிசைந்து, முள்ளைப் பிடித்திருந்த அப்பாவுக்கு ஊட்டினாள்.

"சின்னப் புள்ள மாதிரி வாயத் தொறக்குறீங்க."

"கை ரெண்டும் வேலையா இருக்கே."

"ஒரு கைதானே வேலையா இருக்கு."

அம்மா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா மென்றபடியே சொன்னார். "இன்னொண்ணு லீவுல இருக்கு. பெரிய லீவு."

"மூணாம் நம்பர்ல இப்ப யாராம்?" அம்மா பேச்சை மாற்றினாள்.

"புதுசா ஒரு பொண்ணாம். கம்பெனி ஸ்டோர்காரம்மா வந்தப்ப சொல்லுச்சு. கூண்டுக்கு இன்னும் அதே கட்டுக்கம்பிதானாம்."

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். முப்பது சதவீதத்தில் அப்பாவின் தோள் நடுங்கியது. அம்மா வந்து அவர் விரலுக்கு மேலேயே தன் விரலை வைத்து அழுத்தி, பிறகு அவர் விரலை மெல்ல உருவிவிட்டாள். திரை ஒரு தரம் கண் சிமிட்டியது. அணையவில்லை.

"போர்வை பிழியிற கை. விடாது," என்றாள்.

இரண்டரை மணிக்குப் புது ஓ.எஸ். எழுந்தது. மூலையில் கடிகாரம் பன்னிரண்டு வருஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற சின்ன செல்லும் செத்துப்போயிருக்க வேண்டும். மகள் தேதியைச் சரி பண்ணினாள். பென்டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தாள்.

அதே ஆங்கில எழுத்து. அதே அரைப்புள்ளி. அதே கொக்கி.

மகள் கோப்பை மூடி மறுபடி திறந்தாள். அதேதான்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை.

"சொன்னீங்க. சொன்னீங்கதான். இப்ப என்ன பண்ணணும்கிறீங்க?"

"எதுக்குடி அவர்கிட்ட எகிறுற?" அம்மா முள்ளை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள். "படிச்சவன்னு உன்ன நம்பித்தானே உக்காந்திருக்கோம். எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியுது. உனக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

மகளின் முகம் கனன்றது. அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே பயமாயிருந்தது. போகட்டும் என்று ஒரு நிம்மதி. கோப்பு திறக்காவிட்டால் குற்றம் லேப்டாப்பின்மேல். திறந்துவிட்டால் அவள்மேல்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கையின் கட்டைவிரலை உதறிக்கொண்டிருந்தார். முள் பதிந்த இடம் வெள்ளையாகக் குழிந்திருந்தது.

"ஃபாண்ட்," என்றாள்.

"என்ன?"

"கோப்பு பத்திரமாத்தான்பா இருக்கு. எழுத்து தனியா இருந்துச்சு. அச்சகத்துல வேலை பாக்கும்போது எடுத்துட்டு வந்த பழைய தமிழ் ஃபாண்ட். அது பழைய ஓ.எஸ்.ல கெடந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

காலேஜ் நாட்களில் சாயந்திரம் அவள் நோட்டீஸ் தட்டச்சு செய்த அச்சகம் பதினைந்து நிமிஷ நடை. அவள் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தார் ரோடு செருப்பில் ஒட்டியது. பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. அச்சகத்தின் ஷட்டரும் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

அச்சகக்கார அக்கா தரையில் உட்கார்ந்து நோட்டீஸ்களை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு? ஓ, ஆபீசர் அம்மாவா. வேலை கெடச்சதும் இந்தப் பக்கம் வழி மறந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அக்கா, அந்தப் பழைய ஃபாண்ட் வேணும். நோட்டீஸ் அடிப்போமே, அது. அப்பாவோட விசாரணைக்கு. அஞ்சு மணிக்குள்ள."

அக்கா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் எழும்பச் சரியாக ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷமும் அவள் பேசினாள்.

"இப்ப யாரும் இதுல அடிக்கிறதில்ல. எல்லாரும் போன்ல அடிச்சு எடுத்துட்டு வர்றாங்க. அப்பவே சொன்னேன், இதுல அடிச்சா இந்த எழுத்து இருக்கிற எடத்துலதான் தொறக்கும்னு. நீ எங்க கேட்ட? காதுல விழாது உனக்கு. கை மட்டும் வேகம்."

'அப்பவே சொன்னேன்' என்பதை இன்றைக்கு இரண்டாம் தடவையாகக் கேட்கிறாள் மகள். அக்கா ஃபாண்டைப் பென்டிரைவில் போட்டு, எடுத்துத் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள். "அப்பாவுக்கு நல்லபடியா முடியட்டும். ஓடு."

வீட்டுக்குத் திரும்பும்போது மணி மூன்றே முக்கால். இப்போது முள் அப்பாவிடம் இருந்தது. மகள் ஃபாண்டை ஏற்றினாள். கோப்பைத் திறந்தாள். கொக்கியெல்லாம் கொம்பாகவும் சுழியாகவும் திரும்பின. தமிழ் வந்தது.

"அப்பாடி," என்று அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசிக்குப் போ," என்றார் அப்பா. "பதினஞ்சாம் தேதி. அடிபட்டதுக்கு முந்தின நாள். அதுதான் முக்கியம்."

மகள் கீழே உருட்டினாள். விரலை எடுத்தாள்.

"படி பாப்பா."

"அப்பா..."

"படி."

"ஜூன் பதினஞ்சு. மேற்படி."

"மேற்படின்னா?"

"மேல சொன்ன மாதிரியேன்னு அர்த்தம்."

"மேல என்ன இருக்கு?"

"மேற்படி."

"அதுக்கு மேல?"

அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். விண்ணப்பம், விசைச் சத்தம், எழுதிட்டேன்பா என்றது. திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அவர் வேலை முடிஞ்சு வந்து, தூக்கத்த அடக்கிக்கிட்டுச் சொன்னாருடி."

"தெரியும்மா."

"என்ன தெரியும் உனக்கு?"

"இரு," என்றார் அப்பா. குரல் வறண்டிருந்தது. "ஒழுங்கா எழுதின கடைசி நாள் எது?"

"மே நாலு."

"படி."

அவள் படித்தாள். "மூன்றாம் நம்பர் கூண்டுக்கு நான்கு போல்ட்டில் இரண்டு இல்லை. கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. மிதிக்கும்போது கூண்டு ஆடுகிறது. போர்மேனிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்."

"அடுத்த நாள்."

"மே அஞ்சு. மேற்படி."

"அடுத்தது."

"மே ஆறு. மேற்படி."

தண்டனை என்றுதான் அவள் நினைத்தாள். நிறுத்தாமல் படித்தாள். ஏழு, மேற்படி. எட்டு, மேற்படி. ஒன்பது, மேற்படி. ஒவ்வொன்றுக்கும் அவர் வலது கையின் சுண்டுவிரல் மடியில் ஒரு தரம் தட்டியது. மே இருபத்தொன்றில் தட்டு நின்றது.

"இருபத்தொண்ணு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். வேலைக்கே போகல. அன்னிக்குமா?"

"அன்னிக்கும் போட்டிருக்கேன். தூக்கத்துல போட்டிருப்பேன்."

"சரி. மேல படி."

ஜூன் பதினைந்து வரைக்கும் படித்து முடித்தாள்.

"ஞாயிறு போக முப்பத்தாறு," என்றார் அப்பா. "ஒண்ணு பொய். முப்பத்தஞ்சு நாள் கூண்டு ஆடுது, முப்பத்தஞ்சு நாள் சொல்லிருக்கேன், முப்பத்தஞ்சு நாள் பாக்கலாம்னு சொல்லிருக்கான். இதான எழுதிருக்கு?"

மகள் திரையை மறுபடி பார்த்தாள். அவள் அடித்ததுதான். முதல் தடவையாக இப்போதுதான் படிக்கிறாள்.

"ஆமாப்பா."

"அப்ப இது போதுமே," என்றாள் அம்மா. "அந்தக் காய்ச்சல் நாளை எடுத்துடு. கடைசி நாளுக்கு நடந்ததச் சேத்து அடிச்சுடு. தேதிதான் நீ போடுறதாச்சே. கொஞ்சம் முந்தி பன்னண்டு வருசத்த ஒரு அமுக்குல தாண்டுன. யாருக்குத் தெரியும்?"

மகளின் கை விசைமேல் போயிருந்தது. அம்மா சொல்வதற்கு முன்னாலேயே போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் மட்டும் எதை எப்போது எழுதினார்களாம். புகாரே வரவில்லை என்று ஒரு அச்சடித்த தாளில் எழுதியவனுக்குக் கை கூசியதா?

"வேணாம்," என்றார் அப்பா.

"ஏன்பா? நீங்க சொன்னது நெசம்தானே?"

"நெசம்தான். முப்பத்தஞ்சு நாள் ஒத்த வார்த்த, கடைசி நாள் மட்டும் ஒரு பக்கம்னா பாக்குறவனுக்குத் தெரியாதா? துருப்பிடிச்ச தகடுல புது வெல்டிங் தனியாத் தெரியும். காய்ச்சலுக்கு லீவு போட்டது கம்பெனி ரிஜிஸ்டர்ல இருக்கு. அவன் அந்த ஒரு நாளைப் புடிச்சு முப்பத்தஞ்சையும் பொய்யாக்கிடுவான். நாமளே சொல்லிட்டா அவன் கையில ஒண்ணும் இல்ல."

மணி நான்கேகால்.

"கீழ வா. இன்னிக்குத் தேதி போடு," என்றார்.

போட்டாள்.

"ஜூன் பதினஞ்சாம் தேதி சாயந்திரம் நான் சொன்னது. புது போல்ட் வந்துச்சு. ஸ்டோர்காரம்மா கொண்டாந்து குடுத்தாங்க. போர்மேன் வாங்கி மேஜை டிராயர்ல போட்டாரு. இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் மாட்டலாம்னாரு. ஸ்டோர்காரம்மாவக் கேளுங்க. டிராயரையும் தொறந்து பாருங்க." அவர் மூச்சு வாங்கினார். "அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்." இந்தத் தடவை உண்மையாகவே அடித்திருந்தாள். அவர் இருமினதைத் தவிர எல்லாமே இருந்தது.

"மே இருபத்தொண்ணு நான் வேலைக்கு வரல. அது தப்பா விழுந்த பதிவு. போடு."

"போட்டுட்டேன்."

"பதினஞ்சாம் தேதி சொன்னத அன்னிக்கே ஏன் எழுதலன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் போடு."

"என்னன்னு போட?"

"அது உனக்குத்தானே தெரியும்."

அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மின்விசிறியை மகள் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டாள்.

அலுவலகத்தில் தினமும் அவள் இதைத்தான் அடிக்கிறாள். தங்கள் கவனக்குறைவு காரணமாக, தங்கள் கவனக்குறைவு காரணமாக. ஈட்டுத்தொகை கிடையாது என்று நாளைக்கு நாற்பது கடிதம். அந்த வார்த்தை எந்த விசையில் தொடங்கும் என்று விரலுக்கே தெரியும். ஆனாலும் நேரமாயிற்று.

அப்பா, "படி" என்றார். படித்தாள்.

"இவற்றைத் தட்டச்சு செய்தது இவருடைய மகளாகிய நான். மே ஐந்து முதல் இவர் சொன்னதை நான் கேட்கவில்லை. இவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லா நாளும் மேற்படி என்று போட்டது நான். கவனக்குறைவு என்னுடையது. இவருடையது அல்ல."

நான்கே முக்கால் ஆயிற்று. அவள் எந்த மெஷினிலும் எழுத்துத் தெரியும்படி கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி, போனை ஒயரில் சொருகி, நெட்டை இணைத்து, அனுப்பினாள். பட்டை ஓடியது, நின்றது, ஓடியது. நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போன் ஒரு தரம் அதிர்ந்தது. தங்கள் ஆவணம் பெறப்பட்டது.

"போயிடுச்சுப்பா."

"போய்ச் சேந்துடுச்சா?"

"சேந்துடுச்சு."

அப்பா கட்டைவிரலை எடுத்தார். திரை அந்த நொடியே அணைந்தது. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்கங்க போறீங்க? டீ போடுறேன்," என்றாள் அம்மா.

"ஸ்டோர்காரம்மாவப் பாத்துட்டு வந்துடுறேன். திங்கக்கிழமை வரணுமே." அவர் படியில் நின்றார். திரும்பாமலேயே கேட்டார். "வந்து சொன்னா அடிப்பியா?"

மகள் கறுத்த திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தரையில் கிடந்த சார்ஜர் முள்ளை எடுத்தாள். இடது பக்கமாகச் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கப்பா," என்றாள். "புடிச்சிருக்கேன்."